வலென்சியாவின் பழைய நகரில் குடும்பத்தோடு சில ஆண்டுகள் வாழ முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருந்தபடி ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறீர்கள், மாத வருமானம் சுமார் 4,500 யூரோ, மனைவியும் ஆறு வயது மகளும் உடன் வருவார்கள். ஸ்பெயினின் வலென்சியாவில், அதுவும் பழைய நகரின் எல் கார்மென் பகுதியில், மூன்றாண்டு தங்க நினைக்கிறீர்கள். விசா கிடைக்குமா, செலவு எவ்வளவு, எப்போது கிளம்பலாம் என்பவை உங்கள் மூன்று கேள்விகள். ஆனால் நீங்கள் இணைத்திருந்த படங்களையும் கடைசி வரியையும் பார்த்தால், உள்ளே இருக்கும் கேள்வி வேறு: சுற்றுலாவில் பார்த்துப் பிடித்துப்போன ஒரு தெருவில் குடித்தனம் நடத்த முடியுமா? முடியும். ஆனால் அதைத் தீர்மானிப்பது விசா அல்ல, வீடு. வெளிநாட்டவர்களுக்கு வாடகை ஒப்பந்தம், நகராட்சிப் பதிவு, குடியிருப்பு அட்டை வேலைகளை முடித்துக்கொடுப்பது என் தொழில். விசா கையில் இருந்தும் இங்கே தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் சரியான வீடு அமையாததால்தான் தடுமாறுகிறார்கள். அதனால் வீட்டைப் பற்றி நீளமாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன். நான் வழக்கறிஞரோ வரி ஆலோசகரோ அல்ல. அந்த இரண்டும் வருமிடத்தில் அப்படியே சொல்லிவிடுவேன்.

விசாவை முதலில் முடித்துவிடலாம். உங்களுக்குப் பொருந்துவது 2022இல் இயற்றப்பட்ட புத்தொழில் சட்டம் கொண்டுவந்த தொலைநிலைப் பணியாளர் விசா, பேச்சுவழக்கில் டிஜிட்டல் நோமாட் விசா. இதன் வருமான வரம்பு ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேர்ந்தே ஏறும். விண்ணப்பிப்பவருக்கு அந்த ஊதியத்தின் 200 விழுக்காடு, முதல் குடும்ப உறுப்பினருக்கு 75, அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 25. 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 14 தவணைகளாக 1,184 யூரோ, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 1,381. மூவருக்கு 300 விழுக்காடு, அதாவது மாதம் 4,144 யூரோ. உங்கள் வருமானம் தாண்டுகிறது, ஆனால் நூலிழையில். ஆண்டுதோறும் இந்த ஊதியத்தை உயர்த்துகிறார்கள், உங்கள் சம்பளம் டாலரிலோ ரூபாயிலோ வந்தால் மாற்று விகிதமும் அசையும். சேமிப்பு, மனைவியின் வருமானம் ஆகியவற்றுக்கான சான்றுகளையும் சேர்த்தே வையுங்கள். நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கியிருக்க வேண்டும், நீங்கள் அங்கே மூன்று மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும், பட்டமோ மூன்றாண்டு அனுபவமோ வேண்டும். பலருக்கு இவையெல்லாம் இருந்தும் சமூகப் பாதுகாப்புச் சான்றில்தான் விண்ணப்பம் நிற்கிறது. ஸ்பெயினோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாடாக இருந்தால், அந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்பில் நீங்கள் தொடர்கிறீர்கள் என்று சான்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிறுவனம் ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்பில் தன்னைப் பதிவுசெய்ய வேண்டும். இரண்டாவதற்குப் பல நிறுவனங்கள் இணங்குவதில்லை. அப்போது ஊழியர் நிலையை விட்டு, அவுத்தோனமோ என்ற சுயதொழிலாளராகப் பதிந்து, நிறுவனத்தோடு சேவை ஒப்பந்தம் போட வேண்டிவரும். உங்கள் மனிதவளத் துறையிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான், வீடு தேடுவதெல்லாம் பிறகு. வருமானம் ஈட்டாதோருக்கான விசா எளிதாகத் தெரியும், ஆனால் அதில் எந்த வேலையும் கூடாது, இணையவழி வேலையும் சேர்த்துத்தான். சொத்து வாங்கிப் பெறும் 'தங்க விசா' 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது.

ஆவணங்களில் காவல்துறை நற்சான்று, திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, பட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று, வேண்டும். பிறகு ஸ்பெயின் அரசின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அவற்றை ஸ்பானிஷுக்கு மாற்ற வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் பழைய சான்றிதழ்களுக்கு முதலில் ஆங்கிலப் பிரதி வாங்கிவிடுங்கள். பெயர் விஷயத்தில் கவனம் தேவை. தந்தை பெயர் முதலெழுத்தாக இருக்கும் சான்றும், விரித்தெழுதிய பாஸ்போர்ட்டும் இங்குள்ள அதிகாரியின் கண்ணுக்கு இரண்டு ஆட்கள். 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலேயே வாங்கி, அதற்கும் அப்போஸ்டில் போட்டுவிட்டால் பின்னால் பல மாதம் மிச்சம்.

இனி வீடு. ஸ்பெயினின் 1994ஆம் ஆண்டு நகர வாடகைச் சட்டம் இரண்டு வகை ஒப்பந்தங்களைப் பிரிக்கிறது. நிரந்தரக் குடியிருப்புக்கான ஒப்பந்தமென்றால், அதில் ஓராண்டு என்று எழுதியிருந்தாலும், நீங்கள் விரும்பினால் ஐந்தாண்டுவரை நீட்டித்துக்கொள்ளும் உரிமை உண்டு. உரிமையாளர் நிறுவனமாக இருந்தால் ஏழாண்டு. ஃபியான்ஸா எனப்படும் முன்பணம் ஒரு மாத வாடகை. கூடுதல் உத்தரவாதம் கேட்டால் அதிகபட்சம் இன்னும் இரண்டு மாதம். ஆறு மாதம் கழிந்தபின் 30 நாள் முன்னறிவிப்போடு நீங்கள் வெளியேறலாம். அதற்கு இழப்பீடு உண்டென்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், மீதமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாத வாடகை என்பதே அதன் உச்சம். 2023 மே மாத வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு தரகு நிறுவனத்தின் கட்டணம் உரிமையாளரின் பொறுப்பு. வேறு பெயரில் உங்களிடம் கேட்டால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். இதுவரை சொன்னது சட்டத்தில் உள்ளது, சந்தேகமில்லை.

இரண்டாவது வகை பருவகால ஒப்பந்தம், ஆல்கிலேர் தே தெம்பொராதா. இது படிப்பு, தற்காலிக வேலை, விடுமுறை போன்ற முடிவுத் தேதியுள்ள காரணங்களுக்கு. இதில் ஐந்தாண்டுப் பாதுகாப்பு கிடையாது, முன்பணம் இரண்டு மாதம், தரகும் உங்கள் தலையில் விழக்கூடும். பழைய நகரில் வெளிநாட்டவருக்குக் காட்டப்படும் வீடுகளில் பெரும்பகுதி '11 மாதம்' என்று இந்த வகையில்தான் வருகிறது. குடும்பத்தோடு நிரந்தரமாக வாழ வருகிறவருக்கு இது பொருந்தாது. ஒப்பந்தத்தின் பெயரைவிட உண்மையான பயன்பாடே முக்கியம் என்பது சட்டத்தின் போக்கு. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிறுவும்வரை பொறுத்திருக்க, குழந்தையோடு வந்த குடும்பத்துக்கு அவகாசம் இருக்காது. முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும் தற்காலிக வீடு எடுத்து, அங்கிருந்தபடி நிரந்தர ஒப்பந்தம் தேடுவதே நான் சொல்லும் வழி. படம் பார்த்து ஊரிலிருந்தே முன்பணம் அனுப்ப வேண்டாம். சாவியை வைத்திருப்பவர் கதவைத் திறந்து வீட்டைக் காட்டாமல், சொத்துப் பதிவகத்தின் நோத்தா சிம்ப்ளே என்ற சிறு ஆவணத்தில் உரிமையாளர் பெயரைச் சரிபார்க்காமல், ஒரு யூரோகூடக் கொடுக்கக் கூடாது. அந்த ஆவணத்தை இணையத்தில் சில யூரோவுக்கு யாரும் எடுக்கலாம்.

உரிமையாளர்கள் உங்களைத் தயக்கத்தோடு பார்ப்பார்கள். அதன் காரணம் தெரிந்தால் மனம் புண்படாது. வாடகை நின்றால் ஈடுகட்டும் காப்பீட்டை அவர்கள் எடுக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் ஸ்பானிய ஊதியச் சீட்டைக் கேட்கின்றன, வாடகை நிகர வருமானத்தில் சுமார் 35 முதல் 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் பார்க்கின்றன. புதிதாக வந்தவரிடம் அந்தச் சீட்டு இருக்காது. வேலை ஒப்பந்தம், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், விசா, பழைய வீட்டு உரிமையாளரின் கடிதம் ஆகியவற்றை ஸ்பானிஷில் மொழிபெயர்த்து ஒரே கோப்பாக்கிக் கொடுங்கள். சட்டம் அனுமதிக்கும் இரண்டு மாதக் கூடுதல் உத்தரவாதத்தை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கட்டச்சொல்லிக் கட்டாயப்படுத்த உரிமையாளருக்கு உரிமை இல்லை. நீங்களாக ஆறு மாத வாடகையை முன்கூட்டித் தரும் வழக்கம் இருக்கிறது, ஆனால் கொடுத்த பணத்தை வைத்துப் பின்னால் பேரம் பேச முடியாது. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வாய்விட்டுக் கேட்கவேண்டியது: 'இந்த முகவரியில் நான் எம்பத்ரோனார் செய்யலாமா?' நகராட்சிக் குடிப்பதிவேட்டின் பெயர் பத்ரோன். மகளின் பள்ளி இடம், குடும்ப மருத்துவர், குடியிருப்பு அட்டை, பிற்காலத்தில் நீண்டகாலக் குடியிருப்பு உரிமைக்கான விண்ணப்பம் என்று எல்லாம் இந்த ஒரு பதிவில்தான் தொங்குகின்றன. வாழும் இடத்தில் பதிவது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. 'பதியக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அப்படி எழுதுகிற உரிமையாளர் ஏதோ ஒன்றை மறைக்கிறார். வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்டாமல் இருக்கலாம், வீட்டைச் சுற்றுலா விடுதியாக ஓட்டிக்கொண்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். பதிவுக்குப் பாஸ்போர்ட், ஒப்பந்தம், மகளுக்குப் பிறப்புச் சான்றின் மொழிபெயர்ப்பு, பெற்றோர் இருவரின் கையெழுத்து ஆகியவை போதும். நீண்டகாலக் குடியிருப்பு உரிமை இல்லாத வெளிநாட்டவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும். நினைவூட்டல் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் நாள்காட்டியில் குறித்துவையுங்கள், பதிவு காலாவதியானால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

முகவரியிலேயே இந்த ஊருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. மற்ற ஸ்பானிய நகரங்களில் 'மூன்றாம் மாடி, இடப்பக்கம்' என்று எழுதுவார்கள். வலென்சியாவில் கட்டடம் முழுக்கக் கதவுகளுக்குத் தொடர் எண். '12, கதவு 8' என்றால் எந்த மாடி என்று தெரியாது. தெருப் பெயரோ ஸ்பானிஷில் ஒன்று, வலென்சிய மொழியில் ஒன்று. வங்கி, காப்பீடு, பதிவேடு, வரி அலுவலகம் நான்கிலும் ஒரே வடிவத்தில் எழுதுங்கள். கதவு எண் விடுபட்ட அரசுக் கடிதம் திரும்பிப் போய்விடும், பதில் தரவேண்டிய கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மாடியைக் கேட்கும்போதும் எச்சரிக்கை தேவை. தரைத்தளத்துக்கு மேல் எந்த்ரெசுவேலோ, பிரின்சிபால் என்று இரண்டு தளங்கள் போன பிறகே சில கட்டடங்களில் 'முதல் மாடி' தொடங்கும். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் 'மூன்றாம் மாடி' என்றால் ஐந்து மாடி ஏற வேண்டியிருக்கலாம்.

இப்போது கட்டடம். எல் கார்மென், எல் பிலார், ஷெரேயா பகுதிகளின் பழைய வீடுகளில் கூரையைத் தாங்குவது மரவிட்டங்களும் அவற்றுக்கிடையே செங்கல் வளைவுகளும். பார்க்க மிக அழகு. சுவரில் செருகியிருக்கும் விட்டத்தின் முனைதான் முதலில் அழுகும், அதைத்தான் கரையானும் அரிக்கும். குளியலறைக்கும் மொட்டைமாடிக்கும் கீழே உள்ள விட்டங்களைக் கூர்ந்து பாருங்கள். கருமை, மாவுபோல் உதிர்தல், புதிதாகப் பூசிய ஒரே ஒரு இடம் ஆகிய மூன்றும் கெட்ட அறிகுறி. 50 ஆண்டு கடந்த குடியிருப்புக் கட்டடங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கை கட்டாயம், அதைக் கேட்டுப் பெறுங்கள். தரைத்தளத்திலும் முதல் தளத்திலும் சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு உரிந்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. வண்ணம் அடித்தால் அது போகாது. மேல்மூலையில் கருப்புப் பூஞ்சை என்றால் அது வேறு, குளிர்காலத்தில் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதால் வருவது. காற்றோட்டத்தாலும் ஈரநீக்கி இயந்திரத்தாலும் அதைக் கட்டுப்படுத்தலாம். முதல் வகை என்றால் வீட்டை விட்டுவிடுங்கள், இரண்டாவது என்றால் யோசிக்கலாம்.

குளிர் பற்றி நம்மவர்கள் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். ஜனவரியில் பகலில் 16 பாகை, இரவில் 7 என்று படித்துவிட்டு ஊட்டியைவிடப் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். வெளியே அது உண்மை. ஆனால் பழைய வீடுகளில் மைய வெப்பமூட்டல் கிடையாது, தரை கல், சன்னல் ஒற்றைக் கண்ணாடி, குறுகிய தெருவில் வெயில் விழுவதே இல்லை. கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் டிசம்பர் முதல் பிப்ரவரிவரை வீட்டுக்குள் இருப்பதைவிடத் தெருவில் நிற்பது இதமாக இருக்கும். இரவில் சாக்ஸோடும் போர்வையோடும் வேலை பார்க்கிறவர்கள் நிறைய. சூடும் குளிரும் தரும் ஏசி ஒவ்வோர் அறையிலும் இருக்கிறதா, சன்னல் இரட்டைக் கண்ணாடியா, எந்தத் திசை நோக்கியது என்பதைக் கேளுங்கள். தெற்கு நோக்கிய சன்னலுக்கு மாதம் நூறு யூரோ கூடக் கொடுத்தாலும் தகும் என்பது என் கருத்து. ஜூலை, ஆகஸ்ட் வெப்பம் சென்னைக்காரர்களைப் படுத்தாது, ஆனால் இரவிலும் புழுக்கம் இறங்காது.

அடுத்தது மின்சாரம். இங்கே மீட்டரைத் தவிர, ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்ற உச்சத்துக்கும் ஒப்பந்தம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. பழைய வீடுகளில் அது 3.45 கிலோவாட்டாகவே இருக்கும். தண்ணீர்ச் சூடேற்றி 1.5, அடுப்பு 2, ஏசி 1 என்று சேர்ந்தால் வீடே இருண்டுவிடும். 4.6க்கு உயர்த்தக் கேட்கலாம், ஆனால் வயரிங் பழையதாக இருந்தால் மின்பணியாளரின் சான்று கேட்பார்கள், அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். நேரத்துக்கேற்ற விலைத் திட்டத்தில், வேலைநாள் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் விலை அதிகம்; நள்ளிரவு முதல் காலை 8 வரையும் வார இறுதி முழுவதும் குறைவு. குழாய் எரிவாயு இல்லாத கட்டடங்களில் ஆரஞ்சு நிற பூத்தேன் சிலிண்டர்தான். உள்ளே 12.5 கிலோ வாயு, உருளையின் எடையும் சேர்த்து மாடி ஏற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, ஆனால் மிகக் கடினநீர். சூடேற்றியும் சலவை இயந்திரமும் சுண்ணாம்பு படிந்தே சாகின்றன. ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவரலாமா என்று பலரும் கேட்பார்கள். மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் இந்தியாவைப் போலவே, செருகிதான் மாறும். நில இணைப்புள்ள மாற்றி வாங்குங்கள், மலிவான இரட்டைமுனை மாற்றி ஆபத்து.

சத்தம் பற்றிச் சொல்லாமல் எல் கார்மெனைப் பற்றிப் பேச முடியாது. மதுக்கடை மேசைகள் நிறைந்த அதன் சதுக்கங்களில் வெள்ளி, சனி இரவுகளில் பேச்சொலி விடியும் முன்வரை குறையாது. குறுகிய தெருவில் ஒலி மேலே ஏறி நான்காம் மாடிக்கும் வரும். இரைச்சல் மிகுந்த மண்டலம் என்று நகராட்சியே அறிவித்துக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, ஆனால் கூட்டம் கலையவில்லை. செவ்வாய் மதியம் வீட்டைப் பார்த்தால் இது தெரியாது. சனி இரவு 12 மணிக்கு அதே வாசலில் அரைமணி நேரம் நில்லுங்கள். படுக்கையறை தெருவை நோக்கியா, உள்முற்றத்தை நோக்கியா என்பதும் முக்கியம். உள்முற்றம் அமைதி, ஆனால் இருட்டு, பக்கத்து வீட்டுச் சமையல் மணமும் தொலைக்காட்சியும் சேர்ந்து வரும். வீட்டுக்கு அடியிலோ எதிரிலோ மதுக்கடை இருந்தால் குழந்தை உள்ள குடும்பத்துக்கு நான் எடுத்துத் தர மாட்டேன்.

ஃபாயாஸ் திருவிழாவை ஊரே உயிராக நேசிக்கிறது. நீங்களும் நேசிக்கப் பழகிக்கொள்ள வேண்டியது. மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடிவரிசை, 15ஆம் தேதி தெருவெங்கும் பெரிய பொம்மை உருவங்கள் எழும், 17, 18இல் மலர்க் காணிக்கை ஊர்வலம் பழைய நகரைக் கடந்து கன்னி மரியாள் சதுக்கத்துக்குப் போகும், 19 இரவில் எல்லா உருவங்களும் எரிக்கப்படும். அந்த நாட்களில் பழைய நகருக்குள் வண்டி நுழையாது, பட்டாசுச் சத்தம் ஓயாது, காணொளிக் கூட்டம் நடக்காது. வீடு மாறுவதையும் அரசு அலுவலக வேலையையும் அந்த வாரத்தில் வைக்கவே கூடாது.

வெள்ளம். நம்மூரில் 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 1957 அக்டோபர் 14இல் தூரியா ஆறு பழைய நகரை மூழ்கடித்தது. அதன் பிறகு ஆற்றையே நகருக்குத் தெற்கே புது வாய்க்காலில் திருப்பினார்கள், பழைய ஆற்றுப்படுகைதான் இன்றைய தூரியா பூங்கா. 2024 அக்டோபர் 29இல் அந்த வாய்க்கால் நகர மையத்தைக் காத்தது. அதற்குத் தெற்கே பைபோர்த்தா, கதரோகா, அல்ஃபஃபார், செதாவி, நகராட்சிக்கே உட்பட்ட லா தோர்ரே ஆகியவை மூழ்கின, மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேற்கே மலைப்பக்கத்துத் தூரீஸ் ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் பைபோர்த்தாவில் மழையே அதிகமில்லாத நேரத்தில் தண்ணீர் வந்தது. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தால் ஆபத்தில்லை என்று இந்த ஊரில் நினைக்கக் கூடாது. கைபேசிக்கு எச்சரிக்கை வந்தது இரவு 8.11க்கு, அதற்குள் பல தெருக்கள் நீரில். வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை அன்று காலையிலேயே இருந்தது. செப்டம்பர் முதல் நவம்பர்வரை அதை நேரடியாகப் பாருங்கள். சிவப்பு என்றால் பயணம் வேண்டாம், காரைக் காப்பாற்ற அடித்தள நிறுத்தத்துக்கு இறங்கவே வேண்டாம், பலர் இறந்தது அங்கேதான். வாடகை மலிவு என்று வாய்க்காலுக்குத் தெற்கே போவதானால் அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் தெருவைத் தேடுங்கள், தரைத்தளம் வேண்டாம். வாடகைதாரரானாலும் வீட்டுப் பொருட்களுக்குச் சாதாரணக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள். பெருவெள்ள இழப்பை அரசின் ஈட்டுக் கழகமே தருகிறது, ஆனால் நடப்பில் ஒரு காப்பீடு உள்ளவர்களுக்கு மட்டும்.

ஊருக்கு வந்தபின் கைரேகை கொடுத்து தீயே எனப்படும் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் எளிது, நேர ஒதுக்கீடு கிடைப்பதுதான் பாடு. சீத்தா ப்ரேவியா என்ற அந்த முன்பதிவு இலவசம். அதை விற்பவர்களிடம் வாங்காதீர்கள். காலையில் திரும்பத் திரும்ப முயலுங்கள், முயன்றதற்குச் சான்றாகத் திரையைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷாட்) சேமியுங்கள். எத்தனை நாளாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. விசா முடிந்து, அட்டை கைக்கு வருமுன் இந்தியா போகவேண்டியிருந்தால் திரும்பி நுழையும் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். அட்டை வந்த வாரமே மின்னணுச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள், அதன்பின் பாதி அலுவலகங்களுக்கு நேரில் போகத் தேவையிராது. ஓட்டுநர் உரிமம் பற்றி ஒரு வார்த்தை: இந்திய உரிமம் குடியிருப்பு கிடைத்து ஆறு மாதம்வரைதான் செல்லும், மாற்றித் தரும் ஒப்பந்தம் இல்லை, தேர்வு எழுத வேண்டும். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்திலும் உண்டு. பழைய நகருக்குக் கார் தேவையே இல்லை.

பள்ளியில் உங்கள் மகள் ஸ்பானிஷையும் வலென்சிய மொழியையும் சேர்த்தே படிப்பாள். வலென்சிய மொழி இங்கே அலங்காரம் அல்ல. அரசுப் பள்ளிகளில் எது முதன்மை மொழி என்பது அரசியல் விவாதமாகவே இருக்கிறது, 2025 தொடக்கத்தில் பெற்றோரிடம் வாக்கெடுப்பும் நடந்தது. அடுத்த ஆண்டுகளில் விதி எப்படி இருக்கும் என்பதற்கு என்னால் உறுதி தர முடியாது. ஆறு வயதுக் குழந்தை ஓராண்டுக்குள் இரண்டையும் பிடித்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது. பெற்றோர்தான் பின்தங்குவார்கள். வீட்டிலிருந்து ஆங்கிலத்தில் வேலை, மாலையில் தமிழ் என்றால் மூன்றாண்டிலும் ஸ்பானிஷ் வராது. அரசின் வயதுவந்தோர் பள்ளிகளிலும் மொழிப் பள்ளியிலும் குறைந்த செலவில் கற்கலாம், மனைவிக்கும் சேர்த்துப் பதியுங்கள். புதிய இடத்தில் அவருடைய தனிமைக்கு அதுவே முதல் மருந்து.

வரியில் நிச்சயமானதை மட்டும் சொல்கிறேன். ஓராண்டில் 183 நாளுக்கு மேல் இருந்தால் ஸ்பெயினின் வரிக் குடியிருப்பாளர், உலகின் எந்த மூலையில் வரும் வருமானமும் கணக்கில் சேரும். இந்தியாவோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. வெளிநாட்டு வங்கிக் கணக்குகள், பங்கு போன்ற முதலீடுகள், வீடுமனை ஆகிய மூன்றில் ஏதேனும் ஒரு வகை 50,000 யூரோவைத் தாண்டினால் மார்ச் 31க்குள் 720ஆம் படிவத்தில் அறிவிக்க வேண்டும். சென்னையில் ஒரு அடுக்ககம் இருந்தாலே இது உங்களுக்குப் பொருந்தக்கூடும். புதிதாக வரும் ஊழியர்களுக்கு 6,00,000 யூரோவரை 24 விழுக்காடு நிலை வரி என்ற சிறப்பு முறை இருக்கிறது, சமூகப் பாதுகாப்பில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும், தவறினால் போனதுதான். நீங்கள் ஊழியராக வந்தால் இது பொருந்தும் வாய்ப்பு அதிகம். சுயதொழிலாளராக வந்தால் பொருந்துமா என்பதில் ஆலோசகர்களே ஒத்துப்போவதில்லை. மேலும் உங்கள் வருமான அளவுக்கு அது சாதாரண முறையைவிட லாபமா என்பதையும் எண்களை வைத்துத்தான் சொல்ல முடியும். இதற்கு ஒரு வரி ஆலோசகரிடம், கிளம்பும் முன்பே, பணம் கொடுத்துக் கேளுங்கள். இந்தியாவில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றுவதும் கட்டாயம்.

செலவு. பழைய நகரிலும் அதை ஒட்டிய ருசாஃபா பகுதியிலும் 80 சதுர மீட்டர் வீடு இப்போது பெரும்பாலும் 1,200 முதல் 1,600 யூரோ, விலை ஏறுமுகம்தான். மின்சாரம், தண்ணீர், இணையம் 150 முதல் 220. மூவர் சாப்பாடு, நீங்களே சமைத்தால், 500 முதல் 650. காய்கறியும் மீனும் மத்தியச் சந்தையில் வாங்குங்கள், ஞாயிறு தவிர மதியம் 3 மணிவரை. நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியை ஒட்டிய வயல்களின் அரிசி உருண்டு குட்டையாக இருக்கும், குழையும். நம் சாப்பாட்டுக்குச் சரிவராது. புழுங்கலரிசியும் உளுந்தும் தெற்காசியக் கடைகளில் கிடைக்கும். வரியும் சமூகப் பாதுகாப்பும் போக உங்கள் 4,500இல் கையில் நிற்பது 3,000 முதல் 3,500 என்று வைத்தால், பழைய நகரில் குடும்பம் நடத்தலாம், ஆனால் சேமிப்பு சொற்பம். பெனிமக்லேத், பத்ராயிஷ் போன்ற பகுதிகளில் வாடகை சற்றே தணியும், லிஃப்ட் இருக்கும், பள்ளிகளும் பூங்காவும் நடை தூரத்தில். இரண்டும் ஒரு காலத்தில் தனி ஊர்களாக இருந்தவை, அவற்றின் பழைய சதுக்கங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு எல் கார்மெனைவிட இவற்றையே நான் முதலில் காட்டுவேன்.

எப்போது கிளம்புவது? பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம் வழக்கமாக மே, ஜூனை ஒட்டி வரும், அதற்குப் பத்ரோன் கையில் இருக்க வேண்டும். தவறவிட்டால் இடம் மறுக்கப்படாது, ஆனால் எந்தப் பள்ளியில் காலி இருக்கிறதோ அங்கேதான். செப்டம்பரில் மாணவர்களும் சேர்ந்து வீடு தேடுவதால் நல்ல வீடு கிடைப்பது கடினம். ஆகஸ்டில் ஊரே விடுமுறை, அலுவலகங்கள் பாதி வேகம். எனவே ஃபாயாஸ் முடிந்த கையோடு, மார்ச் கடைசி வாரத்தில் வந்திறங்குவதே உங்களுக்கு ஏற்றது. ஏப்ரலில் வீடு, மே தொடக்கத்தில் பதிவு, பிறகு பள்ளி விண்ணப்பம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் தூதரக விண்ணப்பம் டிசம்பரிலோ ஜனவரியிலோ போக வேண்டும், பட்டம், திருமணச் சான்றுகளின் அப்போஸ்டில் வேலையை ஆகஸ்டிலேயே தொடங்கலாம். காவல்துறை நற்சான்றை மட்டும் நவம்பருக்கு முன் எடுக்காதீர்கள், அது பழையதாகிவிட்டால் ஏற்க மாட்டார்கள்.